மாதிரித் துண்டில் 22 கண்ணி வந்துவிட்டது, தொடங்கலாமா? (பின்னல், நீர்வண்ணம் இரண்டுக்கும் கேள்வி)

மஞ்சள்நூல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கழுத்திலிருந்து கீழே, வட்டமாகப் பின்னிக்கொண்டு வருகிற யோக் (கழுத்துக்கும் அக்குளுக்கும் இடைப்பட்ட பகுதி) ஸ்வெட்டர் ஒன்று தொடங்கப் போகிறேன். பேட்டர்னில் 4 மி.மீ ஊசி, 10 செ.மீ-க்கு 22 கண்ணி (நூல் வளையம்), 30 வரிசை என்று போட்டிருக்கிறது. மார்புச் சுற்றளவு 100 செ.மீ, அதாவது உடம்புப் பகுதிக்கு 220 கண்ணி. நூல் சூப்பர்வாஷ் (மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்திய) கம்பளி, 500 கிராம் கையில் இருக்கிறது. யோக்கில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூ வேலைப்பாடு வரும்.

அளவு பார்க்க ஒரு மாதிரித் துண்டாக 24 கண்ணி போட்டு, திருப்பித் திருப்பி 6 செ.மீ உயரத்துக்குப் பின்னி, டேப் வைத்துப் பார்த்தேன். நடுவில் 5 செ.மீ-க்கு 11 கண்ணி. இரண்டால் பெருக்கினால் சரியாக 22. துவைக்கவில்லை. இதை நம்பித் தொடங்கலாமா? வரிசைக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறது. நீளத்தைப் பின்னும்போதே போட்டுப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம், அது முக்கியமில்லை என்கிறார்களே, உண்மையா?

கூடவே இன்னொன்று. ஒரே வகைத் தாளில் எட்டுப் படங்கள் கொண்ட நீர்வண்ணத் தொடர் ஒன்றும் மனதில் இருக்கிறது. பெட்டியில் உள்ள நிறங்களையெல்லாம் சின்னக் கட்டங்களாகப் பூசி வைத்தால் போதுமா, அல்லது அதிலும் பின்னல் துண்டு மாதிரி பார்க்க வேண்டியது வேறு உண்டா?


நாலரை ஊசி எழுதியது:

அந்தத் துண்டை நம்பித் தொடங்காதீங்க தோழி. ஏன்னு ஒரு கணக்கு போட்டுப் பார்த்துடலாம்.

5 செ.மீ-க்குள்ள எண்ணும்போது அரைக் கண்ணி கண்ணுக்குத் தப்பறது ரொம்பச் சாதாரணம். அது 11 இல்லாம 11½-ஆ இருந்தா 10 செ.மீ-க்கு 23 ஆயிடும். 220-ஐ 2.3-ஆல வகுத்தா 95.7 செ.மீ. மார்புல நாலு செ.மீ-க்கு மேல போச்சு. அதே அரைக் கண்ணி அந்தப் பக்கம் தப்பி 10½-ஆ இருந்தா 104.8 செ.மீ. ஆக, அரைக் கண்ணி பார்வைப் பிழைக்குள்ள ஒன்பது செ.மீ வித்தியாசம் ஒளிஞ்சிருக்கு. 10 செ.மீ முழுசா எண்ணினா அதே பிழையோட பாதிப்பு பாதியாக் குறையும். பெரிய துண்டு கேக்கறதுக்கு முதல் காரணம் இதுதான்.

ரெண்டாவது காரணம் ஓரம். 24 கண்ணின்னா மொத்த அகலமே 11 செ.மீ தான். ஸ்டாக்கினெட்டோட (முன்பக்கம் முழுக்க 'வி' 'வி'-யாத் தெரியற சாதாரணப் பின்னல்) பக்கவாட்டு ஓரம் பின்பக்கமாச் சுருளும், கீழ் ஓரமும் மேல் ஓரமும் முன்பக்கமாச் சுருளும். அதைக் கையால அமுக்கிப் பிடிச்சு அளக்கும்போதே நாம துண்டை இழுத்துடறோம். கண்ணி ஏத்தின வரிசையும் மூடின வரிசையும் கொஞ்சம் இறுக்கமா இருந்தா பக்கத்துல இருக்கற நாலஞ்சு வரிசையையும் உள்ள இழுக்கும். அதனால ஓரத்துலேருந்து எல்லாப் பக்கமும் குறைஞ்சது 2 செ.மீ விட்டுட்டு, நடுவுல 10 செ.மீ சதுரம் கிடைக்கணும். அதாவது துண்டு 15 செ.மீ-க்குக் குறையக் கூடாது.

உங்க நூலுக்கு 40 கண்ணி ஏத்துங்க. தட்டையாப் பின்னற வேலைன்னா முதல் 6 வரிசை கார்ட்டர் (ரெண்டு பக்கமும் மேடு மேடா வர்ற, சுருளாத பின்னல்), அப்புறம் ரெண்டு பக்கமும் 4 கண்ணி கார்ட்டர், நடுவுல 32 கண்ணி ஸ்டாக்கினெட், 45 வரிசை ஆனதும் மறுபடி 6 வரிசை கார்ட்டர். உங்களுது வட்டப் பின்னல், அதுக்கு இந்த ஓரம் சரிவராது. அந்த முறையை யாராவது சொல்லுவாங்க, நான் அளக்கறதுக்குப் போறேன்.

மேஜை மாதிரி வழுக்கலான இடத்துல துண்டைப் போடுங்க. போர்வை மேல போட்டா துணியைப் பிடிச்சுக்கும், விரிஞ்சாப்ல நிக்கும். டேப் வேண்டாம், அது வளையும்; மர ஸ்கேலோ இரும்பு ஸ்கேலோ வையுங்க. ஒரு கண்ணியோட இடது விளிம்புல ஒரு குண்டூசி குத்துங்க. சரியா 10 செ.மீ தள்ளி அடுத்த குண்டூசி. ஸ்கேலை எடுத்துட்டு நடுவுல இருக்கற 'வி' வடிவங்களை எண்ணுங்க, ஒரு 'வி' ஒரு கண்ணி. கடைசி 'வி' பாதியில வெட்டுப்பட்டா அந்தப் பாதியையும் எழுதிக்கணும், விட்டுடக் கூடாது. இதே மாதிரி மூணு இடத்துல எண்ணிச் சராசரி எடுங்க. மூணு இடத்துலயும் ஒரு கண்ணிக்கு மேல மாறுச்சுன்னா துண்டு தப்பில்ல, கை இன்னும் அந்த நூலுக்குப் பழகலைன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம் பின்னிட்டு மேல் பாதியை மட்டும் அளங்க.

கண்ணி கூடுதலா வந்தா ஊசி பெருசு, குறைவா வந்தா ஊசி சின்னது. இறுக்கிப் பின்னணும், தளர்த்திப் பின்னணும்னு கையை மாத்த முயற்சி பண்ணாதீங்க. முதல் ரெண்டு நாள் ஞாபகம் இருக்கும், மூணாவது நாள் கை தன் வழிக்குப் போயிடும். ஸ்வெட்டரை உலோக ஊசியில பின்னப் போறீங்கன்னா துண்டும் அதே ஊசியில. மரத்துல நூல் கொஞ்சம் பிடிக்கும், உலோகத்துல வழுக்கும். ஒரே 4 மி.மீ-ல கூட அளவு மாறலாம்.

எந்தத் துண்டு எந்த ஊசின்னு ரெண்டு நாள் கழிச்சு நிச்சயம் மறந்துபோகும். ஏத்தின நூலோட வால்ல முடிச்சு போட்டு வையுங்க: 4-க்கு நாலு முடிச்சு, 3.75-க்கு மூணு. துவைச்சாலும் போகாது.


பர்ல்பக்கம் எழுதியது:

மேலே உள்ளவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். வட்டமாகப் பின்னும்போது எல்லா வரிசையும் நிட் (முன்பக்கப் பின்னல்). தட்டையாகப் பின்னினால் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (அதன் மறுபக்கப் பின்னல்). பலருக்கு பர்ல் வரிசை நிட் வரிசையைவிடத் தளர்வாக விழும். துண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்: இரண்டிரண்டு வரிசைகள் சேர்ந்து, இடையில் பள்ளம் விழுந்தாற்போல் கோடு கோடாகத் தெரிந்தால் நிட்டுக்கும் பர்லுக்கும் இழுப்பு வேறு என்று பொருள். அப்படிப்பட்ட கையில் தட்டைத் துண்டு 22 காட்டினாலும் வட்டத்தில் 23-க்குப் போகும்.

வட்டத்தில் துண்டு பின்னச் சுற்றி இணைக்க வேண்டியதில்லை. வட்ட ஊசியில் (இரு முனைகளையும் வளையும் கம்பி இணைத்திருக்கும்) 40 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட். முடிந்ததும் துண்டைத் திருப்பாதீர்கள். கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, நூலைத் துண்டின் பின்புறமாகத் தளர்வாகக் கொண்டுவந்து, மறுபடி அதே முகத்தில் நிட். ஒவ்வொரு வரிசைக்கும் இப்படித்தான். பின்னால் ஏணிபோல் நூல்கள் தொங்கும். அவை துண்டின் அகலத்தைவிடக் கொஞ்சம் நீளமாகவே இருக்க வேண்டும். குறைந்தால் துண்டு கூடாரம்போல் வளைந்துவிடும், அளவு பொய்யாகும். ஓரத்துக் கண்ணிகள் இந்த முறையில் பெரிதாகவும் கோணலாகவும் வரும், அது இயல்பு. இருபுறமும் ஐந்தைந்து கண்ணி ஒதுக்கிவிட்டு, நடுவில் மிஞ்சும் 30-இல் எண்ணுங்கள். துண்டு தட்டையாகப் படியவில்லை என்றால் துவைப்பதற்கு முன் பின்பக்க நூல்களை நடுவில் வெட்டிவிடலாம். நூல் பற்றாக்குறை என்றால் வெட்டாமல் நீளமாக விட்டுக்கொள்ளுங்கள்.

வரிசைக் கணக்கு முக்கியமில்லை என்பது தலையணை உறைக்குச் சரி, உங்கள் ஸ்வெட்டருக்குச் சரியில்லை. உடம்பின் நீளத்தைப் பின்னிக்கொண்டே பார்த்துக்கொள்ளலாம்தான். யோக்கில் முடியாது. 22 செ.மீ ஆழ யோக் என்றால் 66 வரிசை. உங்களுக்கு 10 செ.மீ-க்கு 33 வரிசை வந்தால் அதே 66 வரிசை 20 செ.மீ-இல் முடிந்துவிடும், அக்குள் பிடிக்கும். 27 வந்தால் 24.4 செ.மீ, அக்குளில் துணி தொங்கும். சாதாரண ராக்லனில் (கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்கோடு ஓடும் ஸ்வெட்டர்) வரிசையைக் கூட்டிக் குறைக்க இடம் நிறைய இருக்கும். பூ வேலைப்பாட்டுக்கோ கட்டம் போட்ட படம் இருக்கிறது, அதன் நடுவில் ஒரு வரிசைகூடச் செருக முடியாது. படம் தொடங்குவதற்கு முன்பும் முடிந்த பின்பும் வரும் வெற்று வரிசைகளில் மட்டும்தான் கை வைக்கலாம். எத்தனை வரிசை அங்கே கிடைக்கும் என்பதைத் துண்டை அளந்த அன்றே பேட்டர்னில் குறித்துவிடுங்கள்.

ஸ்வெட்டரின் கைப் பகுதியிலும் இதே கதைதான். 6 வரிசைக்கு ஒருமுறை குறைப்பு, 14 முறை என்றால் 84 வரிசை. 30 கணக்கில் 28 செ.மீ. 33 கணக்கில் 25.5 செ.மீ-இலேயே குறைப்பு முடிந்து, மணிக்கட்டு வரை குழாய்போல் நேராக ஓடும்.

பூ வேலைப்பாட்டுக்குத் தனித் துண்டு வேண்டும். இரண்டு நிற நூல் சேரும்போது பின்னால் ஓடும் நூல் துணியை உள்ளே இழுக்கும். அதே ஊசியில் வெற்றுப் பின்னலைவிட இறுக்கமாகத்தான் பெரும்பாலும் வரும். வெற்றுப் பகுதியில் மட்டும் துண்டு போட்டுத் தொடங்கினால் தோளில் கச்சை கட்டினாற்போல் நிற்கும். படத்தின் ஒரு பூ முழுவதும் இரண்டு முறையாவது திரும்ப வருகிற அளவுக்குப் பின்னிப் பாருங்கள். வேலைப்பாட்டுக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசிக்கு மாறுவது வழக்கம்தான். மாறினால் எவ்வளவு கூடுகிறது என்பதையும் அதே துண்டில் பார்த்துவிடலாம்.


சாயப்பானை எழுதியது:

துவைக்கறதைப் பத்தி யாரும் சொல்லல, சூப்பர்வாஷுக்கு அதுதான் தலையாய விஷயம்.

கம்பளி இழையில செதில் இருக்கும். அந்தச் செதில்கள் ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டுப் பிடிச்சுக்கறதாலதான் சாதாரணக் கம்பளி சுருங்கி இறுகுது. சூப்பர்வாஷ் செய்யும்போது செதிலை ரசாயனத்தால அரிச்சு எடுப்பாங்க, இல்ல மேலே மெல்லிய ரெசின் பூசுவாங்க, ரெண்டும் சேர்த்தும் செய்வாங்க. அப்போ இழைங்க ஒண்ணுமேல ஒண்ணு வழுக்கும். ஈரத்துல எடை ஏறினதும் துணி நீண்டு விரியும். ஊசியில இருக்கும்போது அழகா 22 காட்டின துணி தண்ணியைப் பார்த்ததும் 20-க்கு இறங்கறது இதனாலதான். பருத்தியிலயும் நீளும், ஆனா அங்கே காரணம் வேற: நூலே கனம், இழையில மீள்தன்மை குறைவு.

ஸ்வெட்டரை எப்படித் துவைக்கப் போறீங்களோ அப்படியே துண்டையும் துவைங்க. கையாலன்னா வெதுவெதுப்பான தண்ணியில 20 நிமிஷம் ஊறவிட்டு, முறுக்காம துவாலையில சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்க. மெஷின்னா மெஷின், டிரையர்னா டிரையர். டிரையர்ல போட்டா சூப்பர்வாஷ் ஓரளவு பழைய அளவுக்குத் திரும்பும். துண்டை மட்டும் தட்டையா உலர்த்திட்டு ஸ்வெட்டரை டிரையர்ல போட்டா நீங்க அளந்தது வேற துணி. குண்டூசி குத்தி இழுத்து அளவுக்குக் கொண்டுவர்ற வேலையும் வேண்டாம். லேஸுக்கு அது சரி, ஏன்னா லேஸை ஒவ்வொரு முறையும் அப்படித்தான் விரிக்கப் போறோம். ஸ்வெட்டரை யாரும் அப்படி விரிக்கறதில்ல.

காய்ஞ்சதும் ஒருமுறை அளங்க. அப்புறம் மேல் ஓரத்தைக் கம்பியில மாட்டி, கீழ் ஓரத்துல துணி கிளிப் நாலு மாட்டி ஒரு ராத்திரி தொங்கவிடுங்க. காலையில தொங்கும்போதே வரிசையை எண்ணுங்க. 400 கிராம் ஸ்வெட்டர் தோள்லேருந்து தொங்கறப்போ எப்படி இருக்கும்னு அது ஓரளவு காட்டும்.

சிவப்பும் வெள்ளையும் பக்கத்துல வருதுன்னீங்க. சிவப்பு நூல் ஒரு முழத்தை ஈரமாக்கி வெள்ளைத் துணிக்குள்ள வெச்சு அழுத்தி, அரை மணி நேரம் விடுங்க. துணியில ரோஸ் படிஞ்சா யோக் முழுக்கப் படியும். தண்ணியில வினிகர் ஊத்தினா நிக்கும்னு சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. கம்பளிக்குப் போடற அமிலச் சாயம் பிடிக்கறதுக்கு அமிலத்தோட சூடும் வேணும், பச்சைத் தண்ணி வினிகரால அது நடக்காது. பருத்தியில போடற ரியாக்டிவ் சாயத்துக்கு வினிகரால ஒரு பயனும் இல்ல. சாயம் இறங்கற சிவப்பை, பின்னறதுக்கு முன்னாடியே தண்ணி தெளியற வரைக்கும் பலமுறை அலசுங்க, அப்புறம் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்க. அப்பவும் இறங்கினா வேற சிவப்பு எடுக்கறதுதான் சரி.

நூலை நீங்களே சாயம் போடறதா இருந்தா அதுக்கும் மாதிரி உண்டு. 1 கிராம் சாயத்தை 100 மி.லி தண்ணியில கரைச்சு வெச்சுக்குங்க. 10 கிராம் உலர்ந்த நூலுக்கு 2 சதவீத நிறம்னா 0.2 கிராம் சாயம், அதாவது அந்தக் கரைசல்ல 20 மி.லி. 300 கிராமுக்கு அதே நிறம் வேணும்னா 600 மி.லி. மாதிரிக்கு 300 மி.லி தண்ணி வெச்சிருந்தா 300 கிராமுக்கு 9 லிட்டர் தண்ணி வேணும், பாத்திரம் அதைவிடப் பெருசா இருக்கணும். தண்ணியோட விகிதமும் சூடாகற வேகமும் மாறினா நிறம் ஏறுற விதமும் மாறும், திட்டுத் திட்டா வரும். நூலை எடை போடறது நனைக்கறதுக்கு முன்னாடி. நிறத்தை முடிவு பண்றது முழுசா காய்ஞ்ச பின்னாடி.


ஈரக்காகிதம் எழுதியது:

நீர்வண்ணக் கேள்விக்கு வருகிறேன். பெட்டி நிறங்களைக் கட்டம் கட்டமாகப் பூசி வைப்பது நிறங்களின் பெயர்ப்பட்டியல்தான். எட்டுப் படத் தொடருக்கு அது போதாது. உங்களுக்குத் தெரிய வேண்டியது, இந்தத் தாளில் இந்த நிறம் என்ன செய்கிறது என்பது.

ஆகவே முதல் விதி, வேறு தாளில் பார்க்காதீர்கள். படம் வரையப் போகும் அதே தாள்கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சோதனைக்கென்று ஒதுக்குங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளில் மென்மையாகப் பரவும் நிறம், மரக்கூழ்த் தாளில் மேலேயே நின்று ஓரத்தில் கோடு கட்டும். ஒரே தாளின் இரண்டு பக்கங்களுக்கும் சொரசொரப்பு வேறாக இருக்கலாம், எந்தப் பக்கம் என்று பென்சிலால் மூலையில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய தாள் என்றால் ஒரு பெரிய இடத்தில் ஒரே சீரான வாஷ் (தண்ணீர் கலந்த மெல்லிய நிறப் பூச்சு) போட்டுப் பாருங்கள். தாளின் மேல் பசைப்பூச்சு ஈரப்பதத்தில் கெட்டிருந்தால், உலர்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. வாஷ் விழுந்ததும் அம்மைத் தழும்புபோல் கரும்புள்ளிகள் உறிஞ்சித் தெரியும். எட்டாவது படத்தின் வானத்தில் இதைக் கண்டுபிடிப்பதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஒவ்வொரு நிறத்துக்கும் சுமார் 5-க்கு 8 செ.மீ இடம் கொடுங்கள். குறுக்கே தண்ணீரில் கரையாத கறுப்பு மையால் ஒரு கோடு போட்டு நன்றாகக் காயவிடுங்கள். மேலே கெட்டியான நிறத்தில் தொடங்கி, கீழே வரவரத் தண்ணீர் சேர்த்து, கடைசியில் கிட்டத்தட்டத் தாள் நிறத்துக்கே இறக்குங்கள். கோட்டின் மேல் நிறம் படிந்து வெளிறிய படலமாகத் தெரிந்தால் அது ஒளிபுகா நிறம், மேலே மேலே அடுக்கினால் மங்கும். கோடு தெளிவாக இருந்தால் ஒளிபுகும் நிறம். உலர்ந்த பிறகு, பட்டையின் ஒரு பாதியை ஈரத் தூரிகையால் ஐந்தாறு முறை தேய்த்து, துணியால் ஒற்றி எடுங்கள். தாளின் வெள்ளை திரும்பினால் அந்த நிறத்தில் பிழை திருத்த வழி உண்டு. தாலோ நீலமும் தாலோ பச்சையும் திரும்பாது, கறை ஏறிவிடும். அல்ட்ராமரீன் நீலம் துகள் துகளாகத் தாளின் பள்ளங்களில் இறங்கும். வழவழப்பான முகத்துக்கு அது வேண்டாம், பாறைக்கு அருமை.

ஈரத்தில் பார்த்த அழுத்தம் காய்ந்தால் குறையும். எவ்வளவு என்பது நிறத்துக்கு நிறம் மாறும். பட்டை ஈரமாக இருக்கும்போது ஒரு போட்டோ, காய்ந்ததும் அதே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அக்ரிலிக்கில் தலைகீழ்: ஈரத்தில் பால்போல் இருக்கும் ஊடகம் காய்ந்ததும் தெளிவாகிவிடுவதால் நிறம் அழுத்தமாகும்.

டியூபில் உள்ள அழகான பெயரை நம்பாமல் பிக்மென்ட் (நிறப்பொருள்) எண்ணைப் பட்டைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 'பர்ன்ட் சியன்னா' என்ற ஒரே பெயரில் ஒருவர் பிபிஆர் 7 விற்பார், இன்னொருவர் பிஆர் 101 விற்பார். அல்ட்ராமரீனோடு கலந்து சாம்பல் எடுக்கும்போது இரண்டும் ஒன்றுபோல் வராது. தொடரின் நடுவில் டியூப் தீர்ந்து வேறு டியூப் வாங்கினால், பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். எண் ஒன்றாக இருந்தாலும் ஒரு பட்டை பூசிப் பழையதோடு ஒட்டிப் பாருங்கள். 'சாப் கிரீன்' பெரும்பாலும் இரண்டு மூன்று பிக்மென்ட் சேர்ந்த கலவை. அதை மறுபடி இன்னொரு கலவையோடு கலந்தால் சேறாக வாய்ப்பு அதிகம்.

வெளிச்சத்தில் மங்குமா என்பதற்கும் பட்டைதான் பதில். ஒரு நீளப் பட்டையில் உங்கள் நிறங்களையெல்லாம் வரிசையாகப் பூசி, நீளவாக்கில் பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். மெல்லிய வாஷாகவும் பூசுங்கள், அதுதான் முதலில் போகும். அசல் அலிசரின் கிரிம்சன் (பிஆர் 83), ஆரியோலின் (பிஒய் 40), ஃப்ளோரசென்ட் சாயம் கலந்த பளீர் ரோஸ் வகைகள் மங்கும் என்பது தெரிந்த விஷயம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் போகும் படத்துக்கு இவை வேண்டாம்.

இனி உண்மையான வேலை: தொடருக்கென்று நான்கைந்து நிறங்களை மட்டும் தேர்ந்து, மேலே ஒரு வரிசை, பக்கத்தில் ஒரு வரிசை என்று கட்டம் போடுங்கள். முதலில் எல்லா நிறங்களையும் நெட்டுக்குத்தாகப் பட்டையாகப் பூசி, முழுக்கக் காய்ந்த பின் அதே நிறங்களைக் குறுக்கே பூசுங்கள். ஐந்து நிறத்துக்கு 25 சந்திப்பு. நீலத்தின் மேல் மஞ்சளும், மஞ்சளின் மேல் நீலமும் ஒரே பச்சை இல்லை என்பது அதில் தெரியும். கீழே உள்ள நிறம் கலைந்து ஓடுகிறதா என்பதும் தெரியும்.

மாஸ்கிங் திரவம் (நிறம் படாமல் இடத்தை மூடிவைத்துப் பிறகு உரிப்பது), ஒட்டும் டேப், மைப்பேனா பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அவற்றையும் அதே தாளில். மாஸ்கிங் திரவத்தைப் படத்தில் எவ்வளவு நேரம் விடப் போகிறீர்களோ அவ்வளவு நேரம் விட்டு உரித்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் சுத்தமாக உரிவது இரண்டு நாள் கழித்துத் தாளின் தோலோடு வரலாம். மைக்கு மூன்று கோடு போடுங்கள்: ஒன்று 10 நிமிடம், ஒன்று 1 மணி நேரம், ஒன்று 24 மணி நேரம் காய்ந்தது. மேலே ஒரே வாஷ் இழுத்தால் எந்தக் கோடு கசிகிறது என்று பார்த்து, காத்திருக்கும் நேரத்தை முடிவுசெய்யலாம்.


மஞ்சள்நூல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வட்ட முறையில், 4 மி.மீ-இல் பின்னி, துவைத்து, தொங்கவிட்டு அளந்துவிட்டேன். துவைப்பதற்கு முன் 23½ கண்ணி, 32 வரிசை. காய்ந்த பின் 21 கண்ணி, 29 வரிசை. பூ வேலைப்பாடு அதே ஊசியில், காய்ந்த பின் 23 கண்ணி. துண்டு 18-க்கு 18 செ.மீ, எடை 13 கிராம். சிவப்பு சாயம் இறங்கவில்லை. 3.75-க்குப் போகட்டுமா, அல்லது 210 கண்ணி உள்ள சின்ன சைஸைப் பின்னட்டுமா? 500 கிராம் போதுமா?


நாலரை ஊசி எழுதியது:

ரெண்டு வழியும் கணக்குக்குச் சரிதான். 210-ஐ 2.1-ஆல வகுத்தா 100 செ.மீ, மார்பு பொருந்திடும். ஆனா சின்ன சைஸுக்கு யோக் ஆழமும் குறைச்சுத்தான் எழுதியிருப்பாங்க, அந்த வரிசை எண்ணிக்கையை 2.9-ஆல வகுத்து உங்க அளவோட ஒப்பிட்டுப் பாருங்க. அதோட 210-க்குப் பூப் படம் சரியா வகுபடுதான்னும் பேட்டர்ன்ல உறுதி பண்ணிக்கணும்.

முடிவை எண்ணை வெச்சு மட்டும் எடுக்காதீங்க, துணியைக் கையில எடுங்க. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா கண்ணிகளுக்கு நடுவுல ஓட்டை தெரியுதா? விரலை உள்ள அழுத்தினா துணி பழையபடி திரும்புதா, குழி விழுந்தே நிக்குதா? துவைச்சதும் 23½-லேருந்து 21-க்கு இறங்கின நூல் தளர்வா நிக்கறதுக்கு வாய்ப்பு அதிகம், போகப் போக இன்னும் தொங்கும். அப்படின்னா 3.75-தான். அடர்த்தி நல்லா இருந்தா 4-லயே 210.

3.75 எடுத்தா வெற்றுப் பகுதிக்கு 22 வருதான்னு இன்னொரு துண்டு, அதையும் துவைச்சு. வேலைப்பாடு 4-ல 23 வந்திருக்கு, அதனால யோக் படத்துக்கு 4.5 போட்டுப் பாருங்க. 22-ஐ ஒட்டி வந்தா படத்தோட முதல் வரிசையில ஊசியை மாத்தி, கடைசி வரிசை முடிஞ்சதும் பழைய ஊசிக்குத் திரும்பிடலாம்.

நூல் கணக்கு இதோ. 18-க்கு 18 செ.மீ-ன்னா 324 சதுர செ.மீ, 13 கிராம். ஒரு சதுர செ.மீ-க்கு 0.04 கிராம். உடம்பு 100-க்கு 60-ன்னா 6000. கை சராசரி அகலம் 32, நீளம் 45, ரெண்டு கைக்கு 2880. மொத்தம் 8880 சதுர செ.மீ, 355 கிராம் சுமார். துண்டோட பின்பக்கம் தொங்கின நூலும் அந்த 13 கிராம்ல சேர்ந்திருந்தா நிஜம் இன்னும் குறைவாத்தான் இருக்கும். ரிப்புக்கும் (ஓரத்து இழுவைப் பட்டை) வேலைப்பாட்டுக்குப் பின்னால ஓடற நூலுக்கும் 15 சதவீதம் சேர்த்தா 410-ஐ ஒட்டி வரும். 3.75-ல துணி அடர்த்தி கூடும், அதனால புதுத் துண்டையும் எடை போட்டு இதே கணக்கைத் திரும்பப் போடுங்க. 500 தாராளமாப் போதும்னுதான் தெரியுது. துண்டைப் பிரிச்சு நூலைத் திரும்ப எடுக்க அவசரப்படாதீங்க. துவைச்ச நூல் நெளிநெளியா இருக்கும், அப்படியே பின்னினா கண்ணி கோணும். கடைசிக் கையில பத்தலைன்னா மட்டும் பிரிச்சு, ஈரமாக்கி, கனம் கட்டித் தொங்கவிட்டு நேராக்கி எடுத்துக்கலாம்.

உடம்பு 10 செ.மீ இறங்கினதும் கண்ணிகளையெல்லாம் நீளமான வேற நூலுக்கு மாத்திட்டு, மேஜையில விரிச்சு அகலத்தை அளங்க. துவைக்காத துணி அது, அதனால 22-ஓட ஒப்பிடாதீங்க. புதுத் துண்டு துவைக்கறதுக்கு முன்னாடி எத்தனை காட்டிச்சோ அந்த எண் வரணும். அதை இப்பவே அட்டையில எழுதித் துண்டோட கட்டி வெச்சிடுங்க.